மகாநாடும் மரக்காணமும்

மார்கழி பிறந்தால் சென்னையில் கச்சேரிகள் ஆரம்பமாகின்றன; கூடவே மகாநாடுகளும் ஆரம்பமாகின்றன. வைத்தியர்களுக்கு ஒரு சங்கம், என்ஜினீயர்களுக்கு ஒரு சங்கம், கணக்குப் பரிசோதகர்களுக்கு ஒரு சங்கம், கல்லூரி ஆசிரியர்களுக்குப் பாடத்துக்கு ஒன்றாகப் பல சங்கங்கள். ஒவ்வொரு சங்கத்துக்கும் வருஷத்துக்கு ஒரு மகாநாடு. பெரும்பாலும் அது மூன்று நாள் நடக்கும். முதல் நாள் குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. இரண்டாம் நாள் கட்டுரைகள். மூன்றாம் நாளும் நிகழ்ச்சி நிரலில் கட்டுரைகள் உண்டு. ஆனால் அன்று வாசிப்பவர் ஒருவர், கேட்பவர் இருவர். அந்த இருவரும் அடுத்தபடியாக வாசிக்க வேண்டியவர்கள். மற்றப் பிரதிநிதிகள் எல்லோரும் காலையிலேயே பஸ் ஏறிப் போயிருப்பார்கள்.

அந்தப் பஸ் போகும் வழியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உத்தேசம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய், மாமல்லபுரத்தில் இறங்கிச் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, மாலைப் பொழுதைப் புதுச்சேரியில் கழிப்பது வழக்கமான ஏற்பாடு. இரண்டுக்கும் நடுவில், சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில், மரக்காணம் இருக்கிறது. அங்கே 3,000 ஏக்கருக்கு மேல் உப்பளம். பாத்தி பாத்தியாகக் கட்டிய நீரில் வானம் அப்படியே படுத்திருக்கும். வரப்போரங்களில் வெள்ளைக் குவியல்கள் நிற்கும். அந்த இடம் வரும்போது பஸ்ஸில் பாதிப் பேர் உறங்கிக்கொண்டிருப்பார்கள். விழித்திருப்பவர்கள் ஜன்னல் வழியே கைபேசியில் படம் பிடிப்பார்கள். பஸ் நிற்பதில்லை. நின்றாலும் இளநீருக்காக நிற்கும்.

நிற்க வேண்டும் என்பது நம் கட்சி. அதற்குக் காரணம் சொல்லுமுன் மகாநாட்டு விருந்துகளுக்காகக் கொஞ்சம் வழக்காட வேண்டியிருக்கிறது.

மகாநாடு என்றால் விருந்தும் உல்லாசப் பிரயாணமுமாகப் போய்விட்டதே என்று அலுத்துக்கொள்ளும் பெரியவர்கள் உண்டு. கட்டுரை வாசிப்பதுதான் காரியம், காப்பி குடிப்பது வீண் பொழுது என்பது அவர்கள் எண்ணம். நமக்கு இது சம்மதமில்லை. 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனாத் தொற்றுக் காரணமாக உலகெங்கும் மகாநாடுகள் கணினித் திரையில் நடந்தன. கட்டுரை ஒன்றும் குறைந்துவிடவில்லை. அக்கிராசனர் பேசினார், கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார்கள். ஆனால் முடிந்ததும் திரை கறுத்துவிடும். "நீங்கள் சொன்ன அந்த மூன்றாவது விஷயம் இருக்கிறதே..." என்று படிக்கட்டில் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு வருஷம் அப்படிப் பட்டினி கிடந்த பிறகுதான், இத்தனை காலமும் எதற்காக ரயில் ஏறிப் போனோம் என்பது பலருக்கும் விளங்கிற்று.

சரித்திரமும் நம் பக்கமே பேசுகிறது. 1884-ஆம் வருஷம் டிசம்பரில் பிரம்மஞான சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டம் அடையாற்றில் நடந்தது. கூட்டம் முடிந்த கையோடு, பல மாகாணங்களிலிருந்து வந்திருந்தவர்களுள் பதினேழு பேர் திவான் பகதூர் ரகுநாத ராவ் வீட்டில் கூடிப் பேசினார்களாம். தேசத்துக்கென்று ஒரு மகாசபை வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உருவாயிற்று என்று அன்னி பெஸன்ட் அம்மையார் எழுதி வைத்திருக்கிறார். சரித்திரக்காரர்கள் எல்லோரும் இதை முழுக்க ஒப்புக்கொள்வதில்லை. காங்கிரஸுக்குப் பல ஊர்களில் பல விதைகள் விழுந்திருந்தன என்பார்கள். இருக்கட்டும். மறு வருஷம் டிசம்பர் 28-ஆந் தேதி பம்பாயில் 72 பிரதிநிதிகளோடு காங்கிரஸ் கூடியது. அடையாற்றுக் கூட்டத்தில் அந்த வருஷம் மேடையிலே என்னென்ன பிரசங்கங்கள் நடந்தன என்று கேட்டால் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இந்திய ஸயன்ஸ் காங்கிரஸை எடுத்துக்கொள்வோம். சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜில் ரசாயனம் போதித்துவந்த ஸைமன்ஸனும், லக்னோவில் இருந்த மக்மோகனும் யோசனை செய்து தொடங்கிய மகாநாடு இது. 1914-ஆம் வருஷம் ஜனவரியில் கல்கத்தாவில், ஆசுதோஷ் முகர்ஜியின் தலைமையில், 105 பேர் கூடி 35 கட்டுரைகளோடு முதல் முறையாக நடந்தது. மறு வருஷமே சென்னைக்கு வந்தது. 1920-இல் நாகபுரியில் கூடியபோது பௌதிக ஆசிரியரான மகாலனோபிஸ் என்ற இளைஞரும், பிராணி சாஸ்திரியான அன்னன்டேல் துரையும் சந்தித்துப் பேச நேர்ந்தது. கல்கத்தாவில் ஆங்கிலோ-இந்தியர் பலருடைய உடல் அளவுகளைத் தாம் எடுத்து வைத்திருப்பதாகவும், அந்த எண்களை ஆராய்ந்து ஏதேனும் பொருள் சொல்ல முடியுமா என்றும் துரை கேட்டார். மகாலனோபிஸ் வாங்கிக்கொண்டு போனார். அதிலே இறங்கியவர் பிறகு மேலே வரவேயில்லை. இரண்டு கூட்டங்களுக்குள்ள வேற்றுமையை அளப்பதற்கு அவர் கண்ட அளவைக்கு இன்று உலகமெங்கும் அவர் பெயரே வழங்குகிறது. 1931-இல் அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகமும் அந்தப் பாதையிலே வந்ததுதான்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர்ப் பிள்ளையைப் பற்றியது. 1930 ஜனவரியில் அலகாபாத்தில் கூடிய ஸயன்ஸ் காங்கிரஸுக்குச் சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜ் மாணவர் ஒருவர் போயிருந்தார். வயது பத்தொன்பது. பெயர் சந்திரசேகர். அதற்கு முன்பே லண்டன் ராயல் சொஸைட்டி பத்திரிகையில் அவருடைய கட்டுரை ஒன்று வெளியாகியிருந்தது. அலகாபாத்தில் அப்போது பேராசிரியராயிருந்த மேக்நாத் ஸாஹா உலகப் பிரசித்தி பெற்றவர். அவர் இந்தப் பையனைக் கண்டதும், "உம்முடைய கட்டுரையைப் படித்தேன், என் மாணவர் ஒருவர் அதை மேலே கொண்டுபோகப் பார்க்கிறார்" என்ற கருத்துப்படப் பேசி, தம் ஆராய்ச்சி மாணவர்களோடு சாப்பிடவும் அழைத்துக்கொண்டு போனார். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அந்தச் சாப்பாடு எப்படி ருசித்திருக்கும் என்று நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம். அதே வருஷம் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

ஆனால் தேநீர் மேஜைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதையும் இதே மனிதர் கண்டார். 1935 ஜனவரி 11-ஆந் தேதி லண்டனில் ராயல் வானசாஸ்திர சங்கத்தின் கூட்டம். நட்சத்திரங்களின் முடிவைப் பற்றித் தாம் கண்ட உண்மையை அன்று அவர் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முன்னால் தேநீர். மக்ரே என்ற நண்பரோடு அவர் நின்றுகொண்டிருந்தபோது வானசாஸ்திரச் சக்கரவர்த்தியான எடிங்டன் அந்தப் பக்கம் வந்தார். அன்று தாம் பேசப்போகும் பொருள் என்னவென்று எடிங்டனை மக்ரே கேட்டார். எடிங்டன் பதிலை மக்ரேக்குச் சொல்லாமல் சந்திரசேகர் பக்கம் திரும்பி, உமக்கு ஓர் ஆச்சரியம் இருக்கிறது என்ற பாவனையில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். கேம்பிரிட்ஜில் இருவரும் எத்தனையோ நாள் பேசியவர்கள். ஒரே மண்டபத்தில் உணவருந்தியவர்கள். அத்தனை நாளும் வாய் திறக்காதவர், அன்று சந்திரசேகர் பேசி உட்கார்ந்ததும் எழுந்து அந்தக் கொள்கையைச் சபை சிரிக்கும்படி கேலி செய்தார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு 1983-இல் கிடைத்தது. நடுவே நாற்பத்தெட்டு வருஷம்.

ஆக, தேநீர் மேஜையில் ஒருவனைத் தூக்கிவிடவும் முடியும், கவிழ்த்துவிடவும் முடியும். மூன்றாவதாக ஒன்றும் நடக்கும். அதுதான் மிகவும் அதிகம். ஒன்றுமே நடக்காமல் போய்விடும்.

இன்றைய மகாநாடுகளில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது வகை. பெரியவர்கள் பெரியவர்களோடு ஒரு வட்டமாக நிற்கிறார்கள். அவர்கள் போன வாரம் டில்லியில் சந்தித்தவர்கள். அடுத்த வாரம் ஹைதராபாத்தில் சந்திக்கப் போகிறவர்கள். அவர்களுக்குள் அறிமுகம் தேவையில்லை. திண்டிவனத்திலிருந்தோ, தென்காசியிலிருந்தோ முதல் முறையாக வந்த ஓர் இளம் ஆசிரியை தூணோரமாக நின்று, கையிலுள்ள கோப்பையை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பிரதிநிதிக் கட்டணம் அவளுக்கு அரை மாதச் சம்பளம். கழுத்தில் தொங்கும் அட்டையில் அவள் பெயர் இருக்கிறது. ஆனால் வருகிறவர்களின் கண் முதலில் அட்டையில் கீழ் வரியில் உள்ள கல்லூரியின் பெயருக்குப் போய், அங்கிருந்து நேரே பஜ்ஜித் தட்டுக்குப் போய்விடுகிறது. மூன்று நாளும் அவளிடம் பேசியவர் யாரென்றால், காப்பிக்குச் சர்க்கரை போடட்டுமா என்று கேட்ட பரிசாரகர்தான். அவளுக்கு ஸாஹா எங்கே?

உடன் வந்தவர்களுக்கென்று தனி நிகழ்ச்சி போடுவதும் ஒரு விசித்திரம். முன்னெல்லாம் பிரதிநிதிகள் ஆண்கள், உடன் வந்தவர்கள் மனைவிமார். ஆகவே காஞ்சீபுரம் பட்டுக்கடைக்கு ஒரு வண்டி விட்டார்கள். இப்போது பிரதிநிதிகளில் எத்தனையோ பேர் பெண்கள். உடன் வந்தவர் கணவர். வண்டி மட்டும் மாறாமல் பட்டுக்கடைக்கே போகிறது. வரவேற்புக் கமிட்டியார் இதைக் கவனித்தால் நல்லது.

இப்படிக் கூடிப் பழகுவதற்கு நெட்வொர்க்கிங் என்று இப்போது பெயர் சொல்கிறார்கள். நெட் என்றால் வலை. வலை என்ற சொல்லை மரக்காணத்துக் குப்பங்களில் போய்ச் சொன்னால் அவர்களுக்கு நன்றாக விளங்கும். கரைவலை இழுப்பதை நேயர்கள் கடற்கரையில் பார்த்திருக்கக்கூடும். வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள்; கிழவரும் பையனும் ஒரே கயிற்றைப் பிடிப்பார்கள். மகாநாட்டு மண்டபத்திலோ ஆளுக்கு ஒரு தூண்டில்.

இதற்கு நம் முன்னோர்களிடம் வேறொரு பெயர் இருந்தது. அது நமக்கு அதிகம் பிடித்திருக்கிறது. ஆற்றுப்படை என்பது அந்தப் பெயர். வள்ளல் ஒருவனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், வழியில் வறுமையோடு வரும் வேறொரு பாணனைக் காண்கிறான். கண்டதும் ஒதுங்கிப் போவதில்லை. "இந்த வழியே போ, இன்ன ஊரில் இன்னார் உபசரிப்பார்கள், முடிவில் இன்னானைக் கண்டால் உன் வறுமை தீரும்" என்று சொல்லி அனுப்புகிறான். பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை முழுவதும், 269 அடிகளும், இப்படிப்பட்ட ஓர் அறிமுகம்தான். பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழிநாடு வேறெங்கோ இல்லை. மரக்காணத்துக்குச் சற்று வடக்கே, நமது மகாநாட்டுப் பஸ் போகிற அதே சாலையில் இருக்கிறது. பாணன் வழி சொல்லும்போது வருகிற எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் மரக்காணமே என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கே நுளையர் வீட்டில் தேறலும் சுட்ட மீனும் கிடைக்கும். அப்பால் வேலூரில் எயினர் சோறு. ஆமூரில் உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். கடைசியில் ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் வாசல். அந்த வேலூர் வட ஆர்க்காட்டு வேலூர் அல்ல என்பதை மட்டும் சொல்லி வைப்போம்.

இதில் நம்மை உருக்குவது விருந்தல்ல. வழி சொல்லும் பாணன் தன் பழைய நிலைமையையும் சேர்த்துச் சொல்லுகிறான். குப்பையில் முளைத்த வேளைக் கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அயலார் பார்த்துவிடப் போகிறார்களே என்ற வெட்கத்தால் கதவைச் சாத்திக்கொண்டு, சுற்றத்தாரோடு உண்ட குடும்பம் அவனுடையது. அதை அவன் மறைக்கவில்லை. பொன்னாடை போர்த்திய கனவான் ஒருவர் தூணோரத்து ஆசிரியையிடம் போய், "அம்மா, நானும் முதல் மகாநாட்டில் இப்படித்தான் தனியே நின்றேன், வாருங்கள், உங்கள் விஷயத்தில் உழைக்கிறவர் ஒருவர் அதோ இருக்கிறார்" என்று சொல்வதற்கு ஐந்து நிமிஷம் போதும். வரவேற்புக் கமிட்டியார் இதை அவர் நல்ல மனத்துக்கு விட்டுவிடாமல் ஏற்பாடாகவே செய்துவிடலாம். முதல் முறை வருகிற ஒவ்வொருவருக்கும் பத்து மகாநாடு கண்ட ஒருவரைத் துணையாகக் குறித்துவிட வேண்டும். பகல் சாப்பாட்டு மேஜைகளில் பெயர்ச்சீட்டு வைத்து, ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மேஜையில் சேராதபடி பிரிக்க வேண்டும். கல்யாண வீட்டில் சம்பந்திகளைப் பிரித்து உட்கார வைக்கத் தெரிந்த நமக்கு இது பிரமாத வித்தை அல்ல.

இனி உப்புக்கு வருவோம். உப்பில்லாக் கீரையைத் தின்ற பாணனுக்கு வழி காட்டியது உப்பு விளைகிற கரை. அந்தக் கரையில் இன்று வேலை செய்பவர்களை எந்த மகாநாட்டிலாவது யாராவது கண்டதுண்டா? ரசாயனப் பேராசிரியர்கள் கூடுகிறார்கள். கண் வைத்தியர்கள் கூடுகிறார்கள். சரும வைத்தியர்கள், பொருளாதார நிபுணர்கள் எல்லோரும் கூடுகிறார்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் மரக்காணத்து வரப்பில் வேலை இருக்கிறது.

உப்பு விளைவதைச் சாதாரணமாக எண்ணிவிடக்கூடாது. கடல் நீரின் செறிவு பாமே என்ற அளவையில் மூன்று, மூன்றரை டிகிரி இருக்கும். உப்பங்கழியிலிருந்து வருகிற நீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் வற்றச் செய்கிறார்கள். முதலில் சுண்ணாம்புச் சத்தும் ஜிப்ஸமும் அடியில் படிகின்றன. இருபத்தைந்து டிகிரியைத் தொட்டால் உப்புப் பூக்கத் தொடங்கும். இருபத்தொன்பது, முப்பதைத் தாண்டவிட்டால் மக்னீஷிய உப்புகள் கலந்து கசந்துபோகும். அதற்குள் வாரிவிட்டு மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றவேண்டும். நீரின் நிறத்தையும், காலில் படும் பிசுபிசுப்பையும் கொண்டே இதைச் சொல்லிவிடுகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய பெயருக்குப் பின்னால் பட்டம் கிடையாது. கழுத்தில் அட்டையும் கிடையாது. பாத்தியின் தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்கியவர்கள் அவர்கள். வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கிற வெயில் கண்ணைக் கூசுகிறது. உப்பு நீர் பாதத்தின் வெடிப்புகளில் இறங்கிப் புண்ணாக்குகிறது. கூடை கூடையாக உப்பைத் தலையில் சுமந்து வரப்பேறுகிறவர்களில் பெண்கள் மிகுதி. வடகிழக்குப் பருவ மழை வந்துவிட்டால் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று மாநில அரசு இப்போது குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. நல்ல காரியந்தான், மூன்று மாதத்துக்கு அது எம்மட்டு என்பதைக் குடும்பம் நடத்துகிறவர்கள் கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

உப்புக்காக 1930-ஆம் வருஷம் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்குத் தொண்டர்களோடு நடந்தார். உப்பு வரி 1947-இல் எடுபட்டது. உப்பு வாருகிறவள் காலுக்கு இன்னும் ஒரு நல்ல செருப்பு யாரும் செய்து கொடுத்தபாடில்லை. வழுக்கும் சேற்றில் நிற்கவேண்டும், உப்பு நீரில் கெட்டுப்போகாமல் இருக்கவேண்டும், விலை நூறு இருநூறு ரூபாய்க்குள் அடங்கவேண்டும். ஒரு என்ஜினீயரும் ஒரு சரும வைத்தியரும் அந்த வரப்பில் அரை மணி நேரம் நின்று கேட்டால் ஏதாவது தோன்றாதா?

இளநீருக்காக நின்ற ஒரு பஸ்ஸை நாமே பார்த்தோம். பிரதிநிதி ஒருவர் இறங்கி வந்து, கூடையை இறக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மாளிடம், "ஏம்மா, இந்த உப்பைச் சாப்பிடலாமா?" என்று விசாரித்தார். அந்த அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நேத்து ராத்திரி விருந்துல உங்களுக்கு என்னத்தை சார் போட்டாங்க?" என்றாள். பஸ்ஸிலிருந்தவர்கள் சிரித்தார்கள். கேட்டவரும் சிரித்தார். பிறகு அவர் அந்த அம்மாளோடு வரப்பில் கொஞ்ச தூரம் நடந்து போய்ப் பாத்தியைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டேயிருந்தார்.

அடுத்த வருஷத்து வரவேற்புக் கமிட்டிகளுக்கு ஒரு தகவல். மார்கழியில் போனால் பாத்திகளில் மழைத் தண்ணீர்தான் நிற்கும். தை மாதத்தில் மிதிக்கிற வேலையைப் பார்க்கலாம். உப்பு வாருவதைப் பார்க்க மாசி, பங்குனிக்கு மேல் வரவேண்டும். விடியுமுன்பே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். வெயில் ஏறினால் கரையேறிவிடுவார்கள். ஆகையால் பஸ் சென்னையிலிருந்து ஐந்து மணிக்காவது புறப்பட வேண்டும். பக்கத்திலேயே கழுவெளி ஏரி இருக்கிறது. 2024-இல் சர்வதேச ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பறவைகளைப் பார்க்க விரும்புகிறவர்கள் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். காலைப் பலகாரத்தைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து வரப்பில் வைத்துச் சாப்பிடட்டும். ஐம்பது பேருக்குக் கட்டுகிறவர்கள் எழுபது பேருக்காகக் கட்டிக்கொண்டு வரட்டும்.